பாலும் எலுமிச்சையும் சேராதபோது

இட்லியை மட்டும் தட்டில் வைத்து, சட்னியும் இல்லை, சாம்பாரும் இல்லை என்றால் முகம் சுளிப்போம். சட்னியை மட்டும் கிண்ணம் நிறையக் கொடுத்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் எல்லாப் பொருள்களும் இப்படி ஒன்றோடொன்று இணங்கிப் போவதில்லை. பாலும் எலுமிச்சைச் சாறும் தனித்தனியே நல்ல பானங்கள். பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அடுக்களையில் பார்த்திருப்பீர்கள். பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம், பாலின் பி.எச். மதிப்பு 6.6 அளவில் இருக்கும்போது மிதந்து கொண்டிருக்கிறது. அமிலம் சேர்ந்து அம்மதிப்பு 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் திரண்டு விடுகிறது. பால் திரிந்து போகிறது.

ஒரே குவளையில் கலப்பது மட்டுமன்று. பால் குடித்த வாய்க்கு உடனே எலுமிச்சை சர்பத் வேண்டாம் என்பவர்களும் உண்டு. மீன் குழம்பு உண்ட சோற்றுக்குப் பின் தயிர் ஊற்றிக் கொள்ளாத வீடுகள் பல. இவற்றில் சில வேதியியல் காரணத்தால் வருபவை. சில பழக்கத்தால் வருபவை. காப்பியையும் தேநீரையும் ஒரே கோப்பையில் கலப்பதை நம்மில் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஹாங்காங் நகரின் தேநீர்க் கடைகளில் அக்கலவை விரும்பிக் குடிக்கப்படும் பானம்!

இரண்டு பொருள்களைச் சேர்த்து வாங்க ஒருவர் விரும்பாவிட்டால், கடைத்தெருவில் அவர் எப்படி நடந்து கொள்வார்? விலை மாறும்போது அவருடைய தேவை எப்படி மாறும்? அத்தகையவர்கள் நிறைந்த சந்தையில், சரக்கு மிஞ்சாமலும் பற்றாக்குறை வராமலும் செய்யும் விலை என ஒன்று இருக்குமா? இவை பொருளாதாரக் கேள்விகள். ஆனால் விடை காண உங்களுக்குத் தேவையானவை ஒரு வரைதாளும், ஒரு கவராயமும், பத்தாம் வகுப்புக் கணிதமும் மட்டுமே. இயற்பியல் கற்பிக்கும் நான் இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் தானே விளங்கும்.

கண்ணனும் வள்ளியும்

கோடை விடுமுறையில் நடக்கும் ஒரு பொருட்காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே ஒரு கடையில் குளிர்ந்த பாலும் எலுமிச்சை சர்பத்தும் சிறு குவளைகளில் விற்கிறார்கள். எதை எடுத்தாலும் குவளை 15 ரூபாய். கண்ணனிடமும் வள்ளியிடமும் ஆளுக்கு 60 ரூபாய் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் மொத்தம் 4 குவளைகள் வாங்கலாம்.

கண்ணன் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிக்க விரும்புபவன். வள்ளிக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் குடித்த நாளில் மற்றதைத் தொட மனம் வராது. இவர்களுடைய விருப்பத்தைக் கணக்கில் கொண்டுவர, பால் குவளைகளின் எண்ணிக்கையை ப என்றும், சர்பத் குவளைகளின் எண்ணிக்கையை ச என்றும் குறிப்போம். கண்ணனின் திருப்தி எண் ப × ச எனக் கொள்வோம். வள்ளியின் திருப்தி எண் ப² + ச² எனக் கொள்வோம். இனி அவர்கள் வாங்கக்கூடிய ஐந்து வகைகளையும் வரிசையாக எழுதுவோம்.

பால் 0, சர்பத் 4: கண்ணனுக்கு 0, வள்ளிக்கு 16.
பால் 1, சர்பத் 3: கண்ணனுக்கு 3, வள்ளிக்கு 10.
பால் 2, சர்பத் 2: கண்ணனுக்கு 4, வள்ளிக்கு 8.
பால் 3, சர்பத் 1: கண்ணனுக்கு 3, வள்ளிக்கு 10.
பால் 4, சர்பத் 0: கண்ணனுக்கு 0, வள்ளிக்கு 16.

கண்ணனுக்கு நடுவில் உள்ளது மிகச் சிறந்தது. வள்ளிக்கோ அதே நடுவில் உள்ளதுதான் மிக மோசமானது!

இங்கே ஓர் எச்சரிக்கை. திருப்தி எண் என்பது வெப்பநிலைமானி காட்டும் அளவு போன்றதன்று. 16 என்பது 8-ஐப் போல் இரு மடங்கு மகிழ்ச்சி என்று பொருள் கொள்ளக் கூடாது. எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே இந்த எண்கள் பயன்படுகின்றன. ப² + ச² என்பதற்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தை எடுத்தாலும் வள்ளியின் வரிசை மாறாது. கண்ணனின் எண்ணை வள்ளியின் எண்ணோடு ஒப்பிடுவதும் தவறு.

வரைதாளில் பார்ப்போம்

கிடை அச்சில் பால் குவளைகளையும், செங்குத்து அச்சில் சர்பத் குவளைகளையும் குறியுங்கள். 60 ரூபாய்க்கு வாங்கக்கூடியவை எல்லாம் (4, 0), (0, 4) என்னும் புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் மேல் அமைகின்றன. கடைக்காரர் அரைக் குவளை, கால் குவளையும் தருவார் எனக் கொண்டால் கோடு முழுவதும் வாங்கத் தக்கதாகிறது. இதைப் பொருளாதார நூல்கள் விலைக்கோடு என்று கூறும்.

ஒரே அளவு திருப்தி தரும் புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது சமநோக்கு வளைகோடு. எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் 1881-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைப் புகுத்தினார். கண்ணனின் சமநோக்கு வளைகோடு ப × ச = 4 என்பது. பாயில் விதியைப் படித்தபோது அழுத்தத்துக்கும் பருமனுக்கும் இடையே வரைந்த அதே வடிவம்தான் இது. ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்த இந்த வளைகோடு, விலைக்கோட்டை (2, 2) என்னும் புள்ளியில் தொட்டுக் கொண்டு நிற்கிறது. அத்தொடுபுள்ளிதான் கண்ணன் வாங்குவது. பாடநூல்களில் நீங்கள் காணும் படம் இதுவே.

வள்ளியின் சமநோக்கு வளைகோடு எது? ப² + ச² மாறாமல் இருக்க வேண்டும். அது வட்டமல்லவா! ஆதிப்புள்ளியில் கவராயத்தை ஊன்றிக் கால் வட்டங்களை வரையுங்கள். வட்டம் பெரிதாகப் பெரிதாக வள்ளியின் திருப்தி கூடுகிறது. வேறுவிதமாகச் சொன்னால், ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகிச் செல்கிறாளோ அவ்வளவு நல்லது.

இப்போது விலைக்கோட்டைத் தொடும் வட்டத்தை வரையுங்கள். அதன் ஆரம் √8, அதாவது ஏறத்தாழ 2.83. அது கோட்டைத் தொடும் இடம் (2, 2). ஆதிப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்தின் அடியும் அதுவே. செங்குத்தின் அடி என்பது கோட்டிலேயே மிக அருகில் உள்ள புள்ளி என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள். மிக அருகில் உள்ளது என்றால் வள்ளிக்கு மிகக் குறைந்த திருப்தி தருவது. தொடுபுள்ளியில்தான் சிறந்த தேர்வு இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தலைகீழான விடையைச் சொல்லி விடுவார். வள்ளிக்குச் சிறந்தவை கோட்டின் இரண்டு முனைகளே.

இவ்விரு விருப்பங்களையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சம திருப்தி தரும் இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். கண்ணனுக்கு (4, 1), (1, 4) இரண்டும் 4 என்னும் எண்ணைத் தருகின்றன, நடுப்புள்ளி (2.5, 2.5) தருவது 6.25. நடு மேலானது. வள்ளிக்கு (4, 0), (0, 4) இரண்டும் 16. நடுப்புள்ளி தருவது 8. நடு தாழ்ந்தது. முதல் வகையைக் குவிந்த விருப்பம் என்றும், நடு தாழும் வகையைக் குவியா விருப்பம் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

விலை மாறினால்?

சர்பத்தின் விலை 15 ரூபாயாகவே இருக்கட்டும். பாலின் விலையை மட்டும் மாற்றுவோம். கண்ணனுக்கு எந்த விலையிலும் பணத்தைச் சரிபாதியாகப் பங்கிடுவதே சிறந்தது. சுற்றளவு மாறாத செவ்வகங்களில் சதுரமே பெரும் பரப்புடையது என்னும் உண்மைதான் இதற்குக் காரணம். ஆகவே அவன் 30 ரூபாய்க்குப் பால் வாங்குவான். விலை 20 ரூபாயானால் 1.5 குவளை, 15 ஆனால் 2, 12 ஆனால் 2.5, 10 ஆனால் 3. விலை இறங்க இறங்கத் தேவை சீராக ஏறுகிறது.

வள்ளியைப் பாருங்கள். பால் 16 ரூபாய் விற்றால், பணம் முழுவதுக்கும் 3.75 குவளை பால் கிடைக்கும். திருப்தி எண் ஏறத்தாழ 14.1. சர்பத் மட்டும் வாங்கினால் 4 குவளை, எண் 16. ஆகவே பால் ஒரு துளியும் வேண்டாம் என்பாள். பால் 14 ரூபாய்க்கு இறங்கினால் ஏறத்தாழ 4.29 குவளை கிடைக்கும், எண் 18.4. உடனே சர்பத்தைக் கைவிட்டுப் பணம் முழுவதையும் பாலுக்கே கொடுப்பாள். சரியாக 15 ரூபாயில் இரண்டும் சமம். எந்த முனைக்கும் செல்லலாம்.

விலை ஒன்றிரண்டு ரூபாய் அசைந்ததும் தேவை சுழியிலிருந்து நான்கு குவளைக்கு மேல் தாவி விட்டது. இடையில் உள்ள 1, 2, 3 குவளைகளை எந்த விலையிலும் அவள் வாங்க மாட்டாள். கண்ணனின் தேவை சாய்தளம் போன்றது. வள்ளியின் தேவையோ ஒரே ஒரு செங்குத்தான படி.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு பிறக்கிறது. நீங்கள் அந்தக் கடையின் மூலையில் அமர்ந்து, ஆண்டு முழுவதும் வள்ளி வாங்குவதைக் குறிப்பெடுத்துக் கொண்டே இருந்தாலும், அவளுடைய விருப்பம் நடுவில் எவ்வளவு ஆழமாகத் தாழ்ந்திருக்கிறது என்பதை அறிய முடியாது. ஏனெனில் அந்த நடுப்பகுதிக்கு அவள் வருவதே இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரும் பொருளாதார அறிஞருமான ஹரால்ட் ஹோட்டலிங் 1935-இல் இதைச் சுட்டிக் காட்டினார். சமநோக்கு வளைகோடு அலை போல மேடும் பள்ளமுமாக இருந்தாலும், ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்த பகுதிகள் மட்டுமே வாங்குதலில் வெளிப்படும். மற்றவை நோக்குவோர் கண்ணில் படா என்பது அவர் கருத்து.

பாலானாலும் சர்பத்தானாலும் ஒன்றே என்று எண்ணும் சுந்தரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அவன் திருப்தி எண் ப + ச. அவனும் எது மலிவோ அதை மட்டும் வாங்குவான். விலைப்பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் மட்டும் வைத்துக் கொண்டு வள்ளியையும் சுந்தரத்தையும் பிரித்தறிவது அரிது.

அப்படியானால் அந்த மறைந்த பகுதியை அறிய வழியே இல்லையா? உண்டு. கடையில் விலைக்கோடு நேர்கோடாக இருப்பதால்தான் அது மறைகிறது. விலையை விட்டு விட்டு நேரடியாகக் கேளுங்கள்: "இரண்டு பாலும் இரண்டு சர்பத்தும் தரட்டுமா, அல்லது மூன்று பால் மட்டும் தரட்டுமா?" சுந்தரம் நான்கு குவளைகளைத்தான் எடுப்பான். வள்ளியின் கணக்கில் முதலாவது 8, இரண்டாவது 9. அவள் ஒரு குவளையை இழந்தாலும் பரவாயில்லை என்று மூன்று பாலை எடுத்துக் கொள்வாள். ஒருவர் எதை வாங்குகிறார் என்பது மட்டுமே அவர் மனத்தின் முழுப் படம் அன்று. எந்தக் கேள்வியை அவர் முன் வைத்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வள்ளியும் நூறு வள்ளிகளும்

இனி சந்தைக்கு வருவோம். கடையில் 2 குவளை பாலும் 2 குவளை சர்பத்தும் இருக்கின்றன. வாங்க வந்திருப்பவள் வள்ளி ஒருத்திதான். இரண்டு சரக்கும் மிஞ்சாமல் விற்கும்படி விலை வைக்க முடியுமா? எந்த விலை வைத்தாலும் அவள் கேட்பது ஒரே வகைதான். மற்ற வகை அப்படியே மிஞ்சி விடும். ஆகவே தேவையும் அளிப்பும் சமமாகும் விலையே இங்கு இல்லை.

இது சிறிய தொல்லையன்று. சந்தையில் தேவையையும் அளிப்பையும் சமப்படுத்தும் விலைகள் உண்டு என்பதைக் கென்னத் ஆரோவும் ஜெரார்டு டெப்ரூவும் 1954-இல் கணித முறையில் நிறுவினார்கள். இருவரும் பின்னர் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்த நிறுவலில் அவர்கள் எடுத்துக் கொண்ட நிபந்தனைகளில் ஒன்று, வாங்குவோரின் விருப்பம் குவிந்ததாக இருக்க வேண்டும் என்பது. எல்லாரும் கண்ணனைப் போல இருந்தால் சரி. வள்ளியைப் போன்றவர்கள் உலகில் இருக்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

வள்ளியைப் போன்றவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். ஆளுக்கு 2 பால், 2 சர்பத் என்னும் கணக்கில் சரக்கும் கூடட்டும். விலை இரண்டுக்கும் 15 ரூபாய். இந்த விலையில் இரண்டு முனைகளும் சமமாதலால் யார் எந்தப் பக்கம் போனாலும் குறையில்லை.

இருவர் வந்தால் சரக்கு 4 பால், 4 சர்பத். ஒருத்தி பால் எடுக்க, மற்றவள் சர்பத் எடுக்க, கணக்கு சரியாகத் தீர்ந்து விடுகிறது. மூவர் வந்தால் சரக்கு 6, 6. ஒருத்தி பாலும் இருவர் சர்பத்தும் எடுத்தால் 4 பால் போகும்; சர்பத் 8 வேண்டும். 2 பால் மிச்சம், 2 சர்பத் பற்றாக்குறை. சரி, 101 பேர் வந்தால்? சரக்கு 202, 202. 50 பேர் பால் எடுத்தால் 200 குவளை. 51 பேர் சர்பத் எடுத்தால் 204 குவளை. இப்போதும் பாலில் மிச்சம் 2. சர்பத்தில் பற்றாக்குறை 2. அவ்வளவுதான்!

கவனியுங்கள். மூன்று பேருக்கும் 2 குவளைதான் பிசகு. 101 பேருக்கும் 2 குவளைதான். பத்தாயிரத்து ஒருவர் வந்தாலும் அதுவே. கூட்டம் பெருகினாலும் பிசகு பெருகவில்லை. 6-இல் 2 என்பது பெரிய பிசகு. 202-இல் 2 என்பது நூற்றுக்கு ஒன்றளவே.

இதன் காரணத்தைச் சராசரியால் விளக்கலாம். ஒருத்தி வாங்கும் பால் 0 அல்லது 4. இருவரின் சராசரி 0, 2, 4 ஆகிய மூன்றில் ஒன்று. நால்வரின் சராசரி 0, 1, 2, 3, 4 ஆகிய ஐந்தில் ஒன்று. நூறு பேரின் சராசரி 0, 0.04, 0.08 என்று நெருங்கிய படிகளில் ஏறி 4 வரை செல்லும். தனி ஆளிடம் இருந்த பெரிய இடைவெளியைக் கூட்டம் சிறிது சிறிதாக நிரப்பி விடுகிறது.

மேலும், உண்மையான கூட்டத்தில் எல்லாரும் ஒரே விலையில் தாவுவதில்லை. ஒருவர் பால் 20 ரூபாயாக இறங்கியதும் தாவுவார், இன்னொருவர் 19-இல், வேறொருவர் 11 வரை காத்திருப்பார். ஒவ்வொருவரின் தேவையும் ஒற்றைப் படிதான். ஆனால் படிகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், அவற்றைக் கூட்டினால் கிடைப்பது சிறு சிறு படிகள் கொண்ட ஏணி. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணனின் சாய்தளம் போலவே தோன்றும்.

இதைச் செய்தவர் ஒரு மாணவர்

ராபர்ட் ஔமன் 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், கடல்நீரில் துளிகளைப் போல எண்ணிறந்தோர் வாங்கும் சந்தையைக் கணிதத்தில் அமைத்தார். அங்கே விருப்பம் குவிந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை தேவையில்லை என்று காட்டினார். ஆனால் உண்மைச் சந்தையில் ஆட்களை எண்ணி விடலாமே. ஆயிரம் பேரோ பத்தாயிரம் பேரோதான் இருப்பார்கள். அப்போது பிசகு எவ்வளவு?

இக்கேள்வியை எடுத்துக் கொண்டவர் ராஸ் ஸ்டார் என்பவர். 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் இன்னும் பட்டம் பெறாத மாணவர். ஆரோ நடத்திய உயர்நிலை வகுப்பில் சேர்ந்து படித்துக் கொண்டிருந்தார். அவருக்குத் துணை நின்றது லாயிட் ஷேப்லி, ஜான் ஃபோக்மன் ஆகிய இருவர் கண்ட ஒரு கணித உண்மை. பல கணங்களைக் கூட்டும்போது, கூட்டப்படும் கணங்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், கூட்டுத்தொகை குவிந்த நிலையிலிருந்து விலகும் அளவு ஒரு வரம்பைத் தாண்டாது என்பது அதன் சாரம். அந்த வரம்பைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கையன்று. பொருள்களின் வகை எண்ணிக்கையும், தனி ஒருவரின் தாவல் எவ்வளவு பெரிது என்பதுமே. நாம் கண்ட 2 குவளைப் பிசகு இதன் எளிய வடிவம். ஸ்டாரின் கட்டுரை 1969-இல் வெளிவந்தது. ஔமனுக்கு 2005-இலும் ஷேப்லிக்கு 2012-இலும், வேறு ஆய்வுகளுக்காக, பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கொதிக்கும் நீரில் அதே படம்

இப்போது என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். வளிமண்டல அழுத்தத்தில் 1 கிராம் நீரைச் சூடேற்றுங்கள். 100 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே அது அடைக்கும் இடம் 1 கன சென்டிமீட்டருக்குச் சிறிது கூடுதல். 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் அது நீராவியாகி ஏறத்தாழ 1,670 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கிறது. சிறு மாற்றம், பெருந்தாவல். வள்ளியின் தேவை 15 ரூபாயில் தாவியதும் இவ்வாறுதான்.

உந்துதண்டு பொருத்திய உருளையில் 1 கிராம் நீரை வைத்து, 100 டிகிரியில் அதன் பருமன் 800 கன சென்டிமீட்டர் ஆகும்படி செய்யலாம். அதனால் உள்ளே இருப்பது பாதி நீர்த்தன்மையும் பாதி ஆவித்தன்மையும் கொண்ட ஏதோ ஒரு கஞ்சி என்று எண்ண வேண்டாம். ஒரு பகுதி முழு நீர். மறு பகுதி முழு ஆவி. 800 என்பது சராசரி. அந்தச் சராசரி அடர்த்தி உடைய பகுதி உருளைக்குள் எங்குமே நிலைத்திருப்பதில்லை.

வான் டெர் வால்ஸ் 1873-இல் தந்த சமன்பாட்டை வரைந்தால், குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது அலை போல மேடும் பள்ளமுமாக வரும். அதன் நடுப்பகுதி இயற்கையில் நிலைத்து நிற்காதது. 1875-இல் மாக்ஸ்வெல் அந்த அலைக்குப் பதிலாக ஒரு நேர்கோட்டை வரைந்து, நாம் உண்மையில் அளப்பதைப் பெற்றார். வள்ளியின் வளைகோட்டில் (4, 0), (0, 4) என்னும் முனைகளை நேர்கோட்டால் இணைத்துக் கூட்டத்தின் சராசரியைப் பெறுவதும் இதை ஒத்ததே. மனிதர்கள் மூலக்கூறுகள் அல்லர். ஆயினும் இரண்டு துறைகளும் ஒரே வடிவியலை எடுத்தாளுகின்றன.

சராசரி மனிதருக்கு உணவு பரிமாறலாமா?

இந்தக் கணக்கால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். 101 மாணவியர் தங்கும் ஒரு விடுதியை எண்ணிக் கொள்ளுங்கள். அனைவரும் வள்ளியின் விருப்பம் உடையவர்கள். விடுதிப் பொறுப்பாளர் பழைய கணக்கைப் புரட்டுகிறார். பாதிப் பேர் பால், பாதிப் பேர் சர்பத். "ஆக, சராசரி மாணவிக்கு 2 பால், 2 சர்பத்" என்று முடிவு கட்டுகிறார். மறுநாள் முதல் அனைவருக்கும் அப்படியே வழங்கி விடுகிறார். செலவு முன்பு போலவே. சரக்கும் மிஞ்சவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மாணவியும் 16 என்னும் நிலையிலிருந்து 8 என்னும் நிலைக்கு இறங்கி விட்டாள். அவள் தன் பணத்துக்குப் பெறக்கூடியவற்றில் மிகத் தாழ்ந்தது அதுவே. சராசரி மாணவியைக் கணக்கில்தான் காணலாம். விடுதியில் அப்படி ஒருத்தி இல்லை.

விருப்பம் குவிந்தவர்களுக்குச் சராசரி பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. கண்ணன் 2, 2 என்பதை மகிழ்ந்து ஏற்பான். விருப்பம் குவியாதவர்களுக்கோ அது நேர்மாறு. ஆகவே ஒரு கூட்டத்தின் சராசரி எண்ணைக் காணும்போதெல்லாம், இந்தச் சராசரிக்கு அருகில் உண்மையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பழகுங்கள்.

இன்னொன்றும் மறவாதீர்கள். கூட்டம் பிசகைச் சரிசெய்யும் என்பது, ஒவ்வொருவரும் சந்தையில் சிறு பங்கினராக இருக்கும்போதுதான். சரக்கில் பெரும்பகுதியை ஒருவரே வாங்குவாரானால், அவருடைய தாவல் சந்தையின் தாவலாகவே ஆகி விடும். நூறு வள்ளிகள் இருந்தால் கடைக்காரர் நிம்மதியாக உறங்கலாம். ஒரே ஒரு வள்ளியை நம்பிக் கடை வைத்தவர், அவள் இன்று எந்தப் பக்கம் போவாள் என்று விழித்துக் கொண்டுதான் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. சர்பத் 15 ரூபாய், பால் 10 ரூபாய். வள்ளியிடம் 60 ரூபாய் உள்ளது. அவள் எதை வாங்குவாள்? விலைக்கோட்டில் அவளுக்கு மிக மோசமான புள்ளி எது?

2. வள்ளியைப் போன்ற 7 பேர் வருகிறார்கள். விலை இரண்டுக்கும் 15 ரூபாய். சரக்கு 14 பால், 14 சர்பத். பிசகு எவ்வளவு?

3. சுந்தரத்தின் சமநோக்கு வளைகோட்டை வரையுங்கள். நடுப்புள்ளிச் சோதனையில் அவன் எந்த வகை?

விடைகள்: 1. பால் மட்டும் 6 குவளை. விலைக்கோடு 2ப + 3ச = 12; செங்குத்தின் அடி (24/13, 36/13), அதாவது ஏறத்தாழ 1.85 பால், 2.77 சர்பத். 2. மூவர் பாலும் நால்வர் சர்பத்தும் எடுத்தால் 2 பால் மிச்சம், 2 சர்பத் பற்றாக்குறை. 3. நேர்கோடு; நடுவும் முனைகளும் சமம். அவன் கண்ணனுக்கும் வள்ளிக்கும் இடையே எல்லைக்கோட்டில் நிற்பவன்.